மானுக்குப் போன ஞாயிறு

மான் வேட்டைக்கென்று நான் பலெர்மோ போகவில்லை. அங்கே சிசிலித் தீவில் இருக்கும் அக்காவுக்கு முழங்கால் மாற்றும் ஆபரேஷன். வருடக்கணக்காக மற்றவர்கள் வீட்டு மாடிப்படிகளை முழங்காலில் நின்று கழுவியதற்குக் கிடைத்த பலன். அத்தானுக்கு வேலை, மகள் அபிக்குக் கடைசி வருடப் பள்ளிக்கூடம். "நீ வந்து கொஞ்ச நாள் சமைச்சுப் போட்டால் காணும் தம்பி" என்று அக்கா போனில் அழுதாள். கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவனுக்கு நவம்பரில் லீவு லேசில் கிடைக்காது. அக்காவின் நிலைமையைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லித்தான் வாங்கினேன்.

விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குப் போகும் ரயில் கடலோரமாக ஓடிவந்து, ஒரு எலுமிச்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் காரணமில்லாமல் நின்றுவிட்டது. அறிவிப்பு ஒன்றுமில்லை. எனக்கு எதிரே இருந்த பெரியவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்டு, "இது இங்கே நிற்கும். ஏன் என்று கேட்டால் இன்னும் நேரம் எடுக்கும்" என்று அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி, பாதிப் பழத்தை என்னிடம் நீட்டினார். என்னுடைய பஸ் நாலு நிமிடம் பிந்தினாலே தாய்மார் கம்பனிக் கந்தோருக்குப் போன் எடுப்பார்கள். இங்கே ஒரு பெட்டி நிறையச் சனம் வாயைத் திறக்காமல் இருந்தது எனக்கு அதிசயமாகவும் எரிச்சலாகவும் இருந்தது.

ஸ்தாசியோனே சென்ட்ராலே என்ற பெரிய ஸ்டேஷன் வாசலில் நேசன் அத்தான் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது, மற்றப்படி அதே ஆள். கூட ஒரு மெலிந்த, உயரமான பெடியன் நின்றான். பெடியன் என்று சொல்கிறேன், வயது முப்பத்தைந்து இருக்கும். நான் வாய் திறப்பதற்குள் என் இரண்டு பெட்டிகளையும் இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நடந்தான்.

"உவன் குகன். என்ர சித்தப்பாவின்ர மகன்" என்றார் அத்தான். "புதுக்குடியிருப்பு. வந்து ஒரு வருசமாகேல்லை. ஆள் நல்ல பலம், பாத்தியே?"

குகனின் கதை காரில் போகும்போதே எனக்குச் சொல்லப்பட்டது, அவனை முன்சீட்டில் வைத்துக்கொண்டே. பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதி இன்னும் இல்லை. கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்தது. யாராவது ஒரு வீட்டுக்காரர் கொன்த்ராத்தோ, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதிக் கொடுத்தால் வழி பிறக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அத்தான் முப்பது வருடமாக வேலை செய்யும் வீட்டு அம்மா சிஞ்ஞோராவின் தமையனுக்கு, படுக்கையில் கிடக்கும் தகப்பனைத் தூக்கி இருத்திக் குளிக்க வார்க்க ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலை குகனுக்குக் கிடைத்தால் ஊரில் தனியே இருக்கும் தாயை ஒரு தடவை போய்ப் பார்த்து வரலாம். கிடைக்காவிட்டால், அதை அத்தான் சொல்லவில்லை. குகன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

அன்றிரவு முதன்முறையாக மான் இறைச்சி சாப்பிட்டேன்.

அத்தானுக்கு வேட்டை பிடித்த கதை பெரியது. சிஞ்ஞோராவின் புருஷன் உயிரோடு இருந்த காலத்தில் பை தூக்க, நாய் பிடிக்க என்று கூடப் போனவர், பிறகு பிரஜாவுரிமை எடுத்து, இத்தாலியனில் சோதனை எழுதி, தானே துவக்கு லைசென்ஸ் எடுத்துவிட்டார். மலைப்பக்கம் யாரோ ஒரு காலத்தில் கொண்டுவந்து விட்ட மான்கள் பெருகி, கோதுமையையும் இளமரங்களையும் தின்று தீர்க்கின்றனவாம். குறைப்பதற்கு அனுமதி உண்டு. கிடைக்கிற இறைச்சியை அத்தான் ஊர் வழக்கப்படி பங்கு போடுவார். நம்மூரில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் அடித்தால் ஈரலில் ஒரு துண்டு, எலும்பில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு என்று எல்லாப் பங்கிலும் எல்லாம் இருக்க வேண்டும் அல்லவா, அதே கணக்கு. புதிதாக வந்தவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. உழைக்கிறானா, பேப்பர் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அத்தானிடம் எனக்குப் பிடித்த குணங்களில் அது ஒன்று.

அக்கா மட்டும் தொடவில்லை. காலை நீட்டியபடி கட்டிலில் இருந்துகொண்டு திட்டினாள். "மான் எண்டால் முருகனுக்கு மாமி முறை. வள்ளியைப் பெத்தது அதுதானே. மாமியைக் கறி வைச்சுத் தின்னுறியள், பிறகு வெள்ளிக்கிழமை விளக்கும் கொளுத்துறியள்!"

"அது இந்திய மான் அம்மா. இது சிச்சிலியானோ" என்றாள் அபி. எல்லோரும் சிரித்தோம். குகன்தான் அதிகம் சிரித்தான்.

அடுத்த நாட்கள் எனக்குச் சந்தையிலும் அடுப்படியிலும் போயின. கபோ சந்தையில் மீன்காரர்கள் கத்துவதைக் கேட்டால் ஒருவரையொருவர் வெட்டப்போகிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். ஆனால் விலைதான் சொல்கிறார்கள். கடலைமாவைக் கிண்டித் துண்டு போட்டுப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிற பனெல்லே எனக்கு ஒரேயடியாகப் பிடித்துவிட்டது. எங்கள் கடலை வடையின் ஒன்றுவிட்ட தம்பி, உறைப்பு மட்டும் இல்லை. நான் பையில் மிளகாய்த்தூள் கொண்டு போனேன். கடைக்காரர் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார், பிறகு தானும் ஒரு சிட்டிகை கேட்டு வாங்கினார்.

அத்தானோடு அங்கே மசாலாச் சாமான் வாங்கப் போனபோது தேவன் என்ற மொரீசியஸ்காரரைச் சந்தித்தேன். தமிழ்ப் பரம்பரை, நெற்றியில் திருநீறு, ஆனால் தமிழ் இரண்டு மூன்று தேவாரத்தோடு முடிந்துவிடும். அத்தானோடு இத்தாலியனில்தான் கதைப்பார். அத்தானின் மான் பங்கில் அவருக்கும் எப்போதும் ஒன்று உண்டு, அதைச் சமைத்து மற்றவர்களுக்கும் கொண்டுவந்து கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை வேட்டைக்கு வருகிறீர்களா என்று அத்தான் கேட்டார். தேவன் சொன்னதை அத்தான் எனக்கு மொழிபெயர்த்தார். "எங்கள் தீவில் கரும்புத் தோட்டத்து முதலாளிமார் மான் சுடுவார்கள். தகரம் தட்டிக் கலைத்தவர்கள் என் ஆட்கள். முதலாளிக்கு இறைச்சி, எங்களுக்குத் தலையும் குடலும். நீ கொண்டுவா நேசன், நான் சமைக்கிறேன். தட்டுவதற்கு வரமாட்டேன்." அத்தான் அதைப் பகிடியாகத்தான் எடுத்தார்.

ஞாயிறு வேட்டைக்கு அழைத்தது சிஞ்ஞோராவின் தமையன். பலெர்மோவில் கொஞ்சம் படித்தவரெல்லாம் தொத்தோரே. இவரையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். பணக்காரர் இருக்கும் லிபெர்த்தாத் தெருவில் அவருடைய வீட்டுக்கு அத்தான் குகனையும் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கார் அன்று மெக்கானிக்கிடம். பஸ்ஸில் ஏறினோம். டிரைவர் பாதிவழியில் பஸ்ஸை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்க் கோப்பி குடித்துவிட்டு வந்தார். சத்தியமாகச் சொல்கிறேன். பின்னால் ஹோர்ன் அடித்தவர்களுக்கு அவர் கையைக் காட்டி ஏதோ சமாதானம் சொன்னார். எங்கள் கம்பனியில் என்றால் அந்த மனிதர் கோப்பிக் கடையிலிருந்தே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதுதான்.

தொத்தோரே நல்ல மனிதர். எழுந்து நின்று கை கொடுத்தார். குகனின் தோளைப் பிடித்துப் பார்த்தார், மாடு வாங்குகிறவர் மாதிரி அல்ல, கொஞ்சம் கூச்சத்தோடு. "என் தந்தை தொண்ணூறு கிலோ" என்றார். பிறகு, ஞாயிறு தன் நிலத்தில் மான் கலைக்க ஆட்கள் குறைவு என்றும், இவனும் வந்தால் பழக்கமாகும், குடும்பத்தில் ஒருவன் போல ஆகிவிடுவான், திங்கட்கிழமை கொன்த்ராத்தோ பற்றிப் பேசலாம் என்றும் சொன்னார். விருந்தாளியாக நானும் வரவேண்டுமாம்.

இப்படி ஆள் விட்டு மான் கலைக்கச் சட்டம் விடுகிறதா என்று திரும்பி வரும்போது கேட்டேன். அத்தான் இந்த ஊர்க்காரர் போலத் தோளை உயர்த்தினார்.

வீட்டில் அக்காவுக்குச் செய்தி பிடிக்கவில்லை. "உவன் எவ்வளவு வெடிக்குள்ளால வந்தவன். உங்கட விளையாட்டுக்கு அவனை ஏன் இழுக்கிறியள்?"

குகன் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். "அண்ணி, துவக்குச் சத்தம் எனக்குப் புதுசே?" என்று சிரித்தான். "எனக்குப் பயமில்லை. திங்கக்கிழமை கொன்த்ராத்தோ கதைப்பினமாம். நான் போறன்."

ஞாயிறு விடியமுதலே வெளிக்கிட்டோம். வழியில் ஒரு கோப்பிக் கடையில் வேட்டைக்காரர்கள் எல்லோரும் கூடி, பாண் போன்ற ஒரு இனிப்பைக் கோப்பியில் தோய்த்துத் தின்றார்கள். செம்மஞ்சள் சட்டை போட்ட பெரிய பெரிய ஆண்கள், பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு வந்த பிள்ளைகள் போல ஒருவரையொருவர் இடித்துச் சிரித்தார்கள். அத்தான் அவர்களுக்குள் ஒருவராக நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. லிபெர்த்தாவில் அவர் யாருக்கோ வேலைக்காரர், எங்கள் ஆட்களுக்குள் கோயில் கணக்குப் பார்க்கிறவர். இங்கே அவரை "நேசோ" என்று கூப்பிட்டு முதுகில் தட்டினார்கள். குகனுக்கும் தட்டினார்கள். அவனுக்கு வெட்கமும் சந்தோஷமுமாக இருந்தது.

மலையில் குளிர். சீமை ஓக் மரங்கள், அவற்றுக்கடியில் இடுப்பளவுக்கு முட்பற்றை. தொத்தோரேயின் நிலத்தைப் பார்க்கும் மீசைக்காரர் ஒருவர் எல்லோரையும் வட்டமாக நிறுத்தி விதிகளைச் சொன்னார். சுடுபவர்கள் கீழே வரிசையாக நிற்பார்கள். கலைப்பவர்கள் மேலிருந்து சத்தம் போட்டு இறங்குவார்கள், பாதிவழியில் கட்டியிருக்கும் சிவப்பு நாடாவைத் தாண்டக் கூடாது. செம்மஞ்சள் சட்டையைக் கழற்றக் கூடாது. எப்போதும் நிமிர்ந்து நிற்க வேண்டும், குனியக் கூடாது, எப்போதும் சத்தம் கேட்க வேண்டும். அத்தான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், எதையும் விடவில்லை.

"நிமிர்ந்து நிக்கவேணும். விளங்கிச்சோ? நீ நிண்டால்தான் எங்களுக்குத் தெரியும்."

"ஓம் அண்ணை. நிக்கிறன்."

குகனும் இரண்டு இத்தாலியரும் மேலே போனார்கள். நான் அத்தானுக்குப் பின்னால் ஒரு கல்லில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மேலே சத்தம் தொடங்கியது. இத்தாலியர்கள் நாய் போலக் குரைத்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு தகரமும் "ஓய்! ஓய்! கலை! கலை!" என்று ஒரு தமிழ்க் குரலும் கேட்டன. வயலில் பன்றி கலைக்கிற குரல். பலெர்மோ மலையில் அதைக் கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தானும் சிரித்தார். முதலாவது மானையும் கண்டேன், கை விரித்தது போன்ற அகன்ற கொம்போடு பற்றையிலிருந்து தலையை நீட்டி, திரும்பி வலதுபக்கம் ஓடியது.

முதல் வெடி எங்கள் வரிசையின் வலது முனையிலிருந்து வந்தது. மலையில் அடித்து இரண்டு தடவை திரும்பி வந்தது. நான் கல்லிலிருந்து இறங்கி நிலத்தில் இருந்தேன். எப்போது இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. கை தலைமேல் இருந்தது. யாழ்ப்பாணத்தில் குண்டு போடப் பொம்பர் வந்த காலத்தில் இருபது வயதாக இருந்தவன் நான். கனடாவுக்குப் போய் இத்தனை காலமாகியும் உடம்பு அதை மறக்கவில்லை. அத்தான் அதற்கெல்லாம் முன்னமே ஊரைவிட்டுப் போனவர். அவர் திரும்பிப் பார்த்து, "இஞ்சை பொம்பர் வராது மச்சான், எழும்பு" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. காற்சட்டையில் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பினேன்.

இன்னொரு வெடி. பிறகு இன்னொன்று. மேலே இரண்டு இத்தாலியரும் குரைத்துக்கொண்டிருந்தார்கள். தகரச் சத்தம் நின்றிருந்தது. களைத்திருப்பான் என்று நினைத்தேன். அத்தான் நினைத்தாராம், இடதுபக்கமாகச் சுற்றிப் போயிருப்பான் என்று. எங்களுக்கு நேரே பற்றை அசைந்தது. மேலே அல்ல, நிலத்தோடு, ஒரு விலங்கு பதுங்கி இறங்குகிற மாதிரி, விட்டு விட்டு. நாடாவுக்கு நன்றாகக் கீழே. அங்கே மனிதர் யாரும் இருக்கக் கூடாது. அத்தான் துவக்கை உயர்த்தினார். சுட்டார்.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு பற்றைக்குள்ளிருந்து வந்தது "அம்மா" என்ற சொல்.

அதற்குப் பிறகு நடந்தவற்றை ஒழுங்காகச் சொல்ல எனக்கு வராது. முள்ளைக் கையால் விலக்கிக்கொண்டு ஓடினேன். குகன் குப்புறக் கிடந்தான். செம்மஞ்சள் சட்டை உடம்பில்தான் இருந்தது. பற்றை அதை மூடியிருந்தது. அவனுக்கு முன்னால் மழைத்தண்ணீர் வெட்டிய ஒரு பள்ளம். அதை நோக்கித்தான் முழங்கையால் ஊர்ந்து வந்திருக்கிறான். வெடி கேட்டால் படு, படுத்தால் பள்ளத்தைத் தேடு. புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரைக்கும் அவன் கற்றுக்கொண்டது அது. தொடைக்குக் கீழே கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. அத்தான் தன்னுடைய இடுப்புப் பட்டியைக் கழற்றி அவன் தொடையில் கட்டினார். கொளுக்கி துளையில் விழவில்லை. நான் கட்டினேன்.

"நிக்கச் சொன்னனானே. நிக்கச் சொன்னனானேயடா" என்று அத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அம்புலன்ஸ் முதலில் வேறு பாதையில் ஏறிவிட்டது. மீசைக்காரர் மோட்டார் சைக்கிளில் போய் அதைத் திருப்பிக்கொண்டு வந்தார். இந்த ஊர்ப் போக்குவரத்தைப் பற்றி இனி நான் பகிடி விடமாட்டேன் என்று அந்த நேரம் நினைத்தேன்.

பலெர்மோ ஆஸ்பத்திரியில் அன்றும் மறுநாளும் அவனை ஆபரேஷன் அறைக்குக் கொண்டு போனார்கள். அதற்கடுத்த நாள், முழங்காலுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் விளக்கியதை அபிதான் எங்களுக்குச் சொன்னாள். பாதிச் சொல் தமிழ், பாதி இத்தாலியன். அவள் அழவில்லை. டாக்டர் போன பிறகு என்னிடம் கேட்டாள், "மாமா, சித்தப்பாவுக்கு ஆர் சொல்லுறது? நான் சொல்லமாட்டன்."

நான்தான் சொன்னேன். குகன் போர்வையைப் பார்த்தான். நேரம் எடுத்துப் பார்த்தான். "முள்ளிவாய்க்காலில இருந்து கையும் காலும் முழுசா வந்தவன் எண்டு ஊரில என்னைக் கதைக்கிறவை" என்றான். பிறகு தண்ணீர் கேட்டான்.

அத்தான் வார்ட்டுக்குள் வரவில்லை. துவக்கை போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அவர் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் இருப்பார், நான் கொண்டுபோகும் கோப்பியைக் கையில் வைத்திருப்பார், ஆறியதும் கீழே வைப்பார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பிறகு பாவமாக இருந்தது, பிறகு மறுபடி கோபம் வந்தது. ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கும்போதே இப்படி மாறி மாறி வந்தது.

வீட்டுக்கு அந்தக் கிழமை ஒரு பொதி வந்தது. அன்று வலது முனையில் விழுந்த மானின் பங்கு. மீசைக்காரர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனார். இரண்டு பையாகக் கட்டியிருந்தது. ஒன்றின்மேல் அத்தானின் பெயர், மற்றதில் குகனின் பெயர். நான் அவற்றைத் தேவனிடம் கொண்டுபோனேன். அவர் பையை வாங்கவில்லை. கதவடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும் வழியில் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

அடுத்ததாக தொத்தோரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் தங்கநிறக் காகிதம் சுற்றிய ஒரு தட்டு இனிப்பு. இந்த ஊரில் கலியாணத்துக்கும் அதுதான், நோயாளியைப் பார்க்கப் போனாலும் அதுதான். அவருடைய கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. தாழ்வாரத்தில் அபியை வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார். அவள் சொன்னாள்:

"மாமா, அவர் சொல்லுறார், சித்தப்பாவால அவரின்ர அப்பாவைத் தூக்கேலாதுதானே இனி. ஆனா தங்கட பில்டிங்கில வாசல்ல இருக்கிற வேலை இருக்காம். போர்த்தினாயோ. கதிரையில இருந்து கடிதம் வாங்கி வைக்கிறது. கொன்த்ராத்தோ குடுப்பாராம். பெர்மெசோவுக்கும் தானே குவெஸ்தூரா போலீஸ் கந்தோருக்கு வருவாராம். ஆனா நாளைக்கு மரேஷால்லோ வந்து கேக்கேக்கை..." அவள் இனிப்புத் தட்டைப் பார்த்தாள். "கேக்கேக்கை, சித்தப்பாவும் உங்களை மாதிரி விருந்தாளியா வந்தவர் எண்டு சொல்ல வேணுமாம், வேலைக்கு விட்டது எண்டு வரக்கூடாதாம். நிக்கச் சொல்லியும் படுத்தவர் எண்டு சொல்ல வேணுமாம். பப்பாவுக்கும் அது நல்லதாம்."

மரேஷால்லோ என்பது கரபினியேரி போலீஸ் அதிகாரி. வாக்குமூலம் எடுக்க வருகிறார்.

வீட்டில் அக்கா புதுக் காலை நிலத்தில் வைத்துக் குசினி வரைக்கும் வந்திருந்தாள், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவை. அலுமாரித் தட்டில் முருகனும், இந்த ஊர்க்காரர் கும்பிடும் சாந்தா ரொசாலியாவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று என்னிடம் கெஞ்சினாள். "தம்பி, நீ ஒருக்கா அவனோட கதை. நீ சொன்னால் கேப்பான். இவர் கண்ணை மூடுறாரில்லை. நாங்கள் பொய் சொல்லச் சொல்லேல்லைத்தானே? நிக்கச் சொன்னதுதானே? அவன் படுத்ததுதானே?"

எல்லாம் உண்மைதான். நானே சாட்சி. ஆனாலும் ஆஸ்பத்திரிப் படியில் ஏறும்போது வாய் கசந்தது. குகனிடம் சொன்னேன். அக்காவுக்காகச் சொன்னேன், அபிக்காகச் சொன்னேன், அவனுடைய பெர்மெசோவுக்காகவும் சொன்னேன். நல்லதுக்குச் சொல்கிறவன் பேசுவது போல மெதுவாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓம் அண்ணை" என்றான்.

மரேஷால்லோ இளைஞர், மரியாதையானவர். தொப்பியைக் கழற்றிக் கட்டில் ஓரத்தில் வைத்தார். ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை, அபிதான் மொழிபெயர்த்தாள். தன் தகப்பன் சுட்டதைப் பற்றி அந்தப் பிள்ளை இரு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் விருந்தாளியாகப் போனீர்களா?"

"ஓம்."

"நிமிர்ந்து நிற்கச் சொன்னார்களா? உங்கள் பாஷையில் சொன்னார்களா?"

"ஓம். அண்ணை வடிவாச் சொன்னவர்."

"அப்படியென்றால் ஏன் படுத்தீர்கள்?"

குகன் அந்த மனிதரைப் பார்த்தான். விளக்கலாமா என்று யோசித்தது போலத்தான் எனக்குப் பட்டது. பிறகு அபியின் முகத்தைப் பார்த்தான். "பழக்கம்" என்றான். அபி அதைச் சொன்னாள். மரேஷால்லோ எழுதாமல் காத்திருந்தார்.

"என்ர பிழை எண்டு சொல்லு பிள்ளை" என்றான் குகன். "பப்பாவில பிழையில்லை. என்ர பிழை."

அவள் சொன்னாள். குரல் உடையவில்லை. மரேஷால்லோ வாசித்துக் காட்டினார், குகன் கையெழுத்து வைத்தான். அபி வெளியே போய், படிக்கட்டில் இருந்த தகப்பனைத் தாண்டி, நிற்காமல் கீழே இறங்கிப் போனதை நான் யன்னலால் பார்த்தேன்.

நாங்கள் இருவரும் தனியே இருந்தோம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "நல்ல காரியம் செய்தாய்" என்றேன். சொன்னவுடனே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது.

அவன் கோபப்படவில்லை. "அண்ணை, அங்கை செல் விழேக்கை என்ர அப்பா நிண்டவர். தண்ணிக் கானைத் தூக்கிக்கொண்டு நிண்டவர். என்ர அக்கா பிள்ளையைத் தூக்க நிண்டவ. நான் படுத்தன். படுத்தபடியாத்தான் நான் இருக்கிறன். இண்டைக்கு அதைப் பிழை எண்டு கையெழுத்து வைச்சிட்டன்."

அந்த மலையில் நானும்தான் நிலத்தில் விழுந்தவன். எனக்குப் பக்கத்தில் ஒரு அத்தான் நின்றார், எழும்பு என்று சொல்ல. அவனுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை.

நான் கனடாவுக்குத் திரும்பும் நாள் காலை குகனிடம் விடைபெறப் போனேன். கொன்த்ராத்தோ வந்திருந்தது. மேசையில் இனிப்புத் தட்டுக்குக் கீழே கிடந்தது. அத்தான் அன்றுதான் முதல் தடவையாக வார்ட்டுக்குள் வந்து, கட்டிலின் கால்மாட்டில் நின்றார். அங்கே போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் தலைமாட்டுக்கு மாறி நின்றார்.

அப்போது குகனின் போன் அடித்தது. தாய். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவளுக்கு ஏதேதோ சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான். கமெராவைத் தன் முகத்துக்கு மிகக் கிட்டப் பிடித்தான், முகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாதபடி.

"அம்மா, வேலை கிடைச்சிட்டுது. ஓம், கொன்த்ராத்தோவோட. அண்ணைதான் எடுத்துத் தந்தவர். இஞ்சைதான் பக்கத்தில நிக்கிறார்."

அந்தப் பக்கம் அவள் அழுதது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அத்தானுக்குப் புண்ணியம் கிடைக்கும் என்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, எல்லாத் தாய்மாரும் கேட்பதைக் கேட்டாள்.

"என்ன வேலை மோனை? நாள் முழுக்க நிக்கிற வேலையே? நிண்டு நிண்டு கால் உளையப்போகுது."

"இல்லையம்மா" என்றான் குகன். "கதிரையில இருக்கிற வேலை. கால் உளையாது."